நான்காம் நம்பர் கேபின்

செவ்வாயும் வெள்ளியும் மதியம் ஒன்று பத்துக்குத் தென்றல் வக்கீல் ஆபீஸிலிருந்து கிளம்பிவிடுவாள். சாப்பாட்டு டப்பா மேஜைக்கடியில் அப்படியே இருக்கும். பே கோபுரத் தெருவில் வேகமாக நடந்து, எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்த வேணுவின் பிரவுசிங் சென்டருக்குள் நுழையும்போது மணி ஒன்றே கால். எட்டு கேபின்களில் நான்காவது அவளுடையது. அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் வேணுவே போய், "அந்தப் பொண்ணு வந்துடுச்சு, நீங்க ஆறுக்கு மாறிக்குங்க" என்று எழுப்பிவிடுவான்.

அது 2003ஆம் வருடம். தென்றலுக்கு இருபத்தாறு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வக்கீல் அர்ஜுனனிடம் டைப்பிஸ்ட் வேலை. மனு, வக்காலத்து, பதிலுரை எது கொடுத்தாலும் பிழையில்லாமல் அடித்துவிடுவாள். குரல் வரும், ஆனால் அந்தக் குரலைப் புரிந்துகொள்ள அவள் அம்மா உண்ணாமலையால் மட்டும்தான் முடியும். ஊருக்கு அவள் 'ஊமைப் பொண்ணு'. ஊமை என்றால் எதுவும் தெரியாது, எதுவும் புரியாது என்று ஊர் முடிவு செய்து வைத்திருந்தது. அவள் எதிரிலேயே அவளைப் பற்றிப் பேசுவார்கள்.

தென்றலுக்கு வாயசைவு படிக்கத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் கண்ணாடி முன்னால் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்த வித்தை அது. அடர்ந்த மீசைக்காரர்களும் வெற்றிலை மெல்லுகிறவர்களும்தான் கஷ்டம். வேணு தினமும் சவரம் செய்கிறவன், உதடு தெளிவாகத் தெரியும். அவன் பேசுவதில் முக்கால்வாசி அவளுக்குப் புரியும். அது அவனுக்குத் தெரியாது. அவள் சொன்னதும் இல்லை.

அவனை அவளுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நேரம் முடிந்தால் மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொல்வான். அவளுக்கு மட்டும் நான்காம் கேபினின் ட்யூப்லைட்டை இரண்டு முறை அணைத்துப் போடுவான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவனாகவே கண்டுபிடித்தது. முதல் தடவை அப்படிச் செய்தபோது அவள் எழுந்து நின்று அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். இந்த ஊரில் இப்படி யோசிக்க ஒரு ஆள் இருக்கிறானே என்று அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அந்த அரை மணி நேரத்துக்கு அவள் வந்தது மெஹ்விஷுக்காக. வேலூர்ப் பக்கம் இருந்த காது கேளாதோர் பள்ளி விடுதியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரை ஒன்றாக வளர்ந்தவர்கள். பிறகு மெஹ்விஷை ஆம்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை அஜ்மலுக்குக் காது கேட்கும். வீட்டில் அவனுடைய அம்மா வைத்ததுதான் சட்டம். தென்றல் மாதம் இரண்டு கடிதம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மெஹ்விஷிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'இனி எழுதாதே. நாத்தனார் சத்தமாகப் படிக்கிறாள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள்.' அதோடு நான்கு வருஷம் ஒன்றும் இல்லை. போன் செய்து பேசலாம் என்றால் இரண்டு பேரில் ஒருத்திக்காவது காது கேட்க வேண்டும்.

பிறகு மெஹ்விஷுக்கு ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் பில் அடிக்கும் வேலை கிடைத்தது. அங்கே கம்ப்யூட்டரில் நெட் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதைத் தொட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பழைய வார்டன் மூலம் ஐடி கிடைத்து, வேணுவின் கடையில் தென்றல் முதன்முதலாக மெசஞ்சரைத் திறந்த அன்று, பெட்டிக்குள் ஒரு வரி வந்து விழுந்தது.

'தென்றல்?'

'நீ யார்?'

'நான்தான். நம்பவில்லை என்றால் கட்டில் நம்பர் கேள்.'

'என்ன நம்பர்?'

'17. உன்னுடையது 18. உன் தலையணை எப்பவும் எச்சில்.'

தென்றல் கேபினுக்குள்ளேயே சத்தமாகச் சிரித்துவிட்டாள். அது எவ்வளவு சத்தம் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்துக் கேபின்காரர் எட்டிப் பார்த்ததில் தெரிந்தது.

இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழை அடித்தார்கள். காது கேட்கிறவர்கள் வாயில் வருகிற மாதிரி, பாதியை முழுங்கி அடிப்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் அந்த ஓசையைக் கேட்டதே இல்லை. அதனால் புத்தகத் தமிழை எழுத்து எழுத்தாகப் பெயர்த்து, ஒவ்வொரு நெட்டெழுத்துக்கும் இரண்டு தட்டுத் தட்டி அடித்தார்கள். நடுநடுவே கைப்பேச்சின் வரிசையில் சொற்கள் முன்னே பின்னே நிற்கும். அவர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. 'பார்த்து எழுது' என்று திருத்த அங்கே வாத்தியார் கிடையாது. 'என்ன சொல்றா?' என்று நடுவில் நின்று கேட்க ஆள் கிடையாது.

நடுவில் ஆள் இல்லாமல் பேசுவது என்றால் என்னவென்று அந்த வருஷம்தான் தென்றலுக்குத் தெரிந்தது. சிங்கப்பூரில் மாமன் மகன் இனியன் இருந்தான். வருஷக்கணக்காகப் போனில் அவன் "தென்றல் எப்பிடி இருக்குது?" என்று கேட்பான், அம்மா "அவ நல்லா இருக்கா" என்பாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. மெசஞ்சரில் அவன் அவளிடமே கேட்டான். கிரிக்கெட்டைப் பற்றி அந்த அரை மணி நேரமும் சண்டை போட்டார்கள். 'இவ்ளோ பேசுவியா நீ!' என்று அவன் அடித்ததை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள்.

ஆனாலும் மெஹ்விஷ்தான் எல்லாம். கடிதத்தில் எழுத முடியாததை எல்லாம் மெஹ்விஷ் அந்தச் சின்னப் பெட்டிக்குள் கொட்டினாள். மாமியார், சமையல், கலைந்துபோன கர்ப்பம், ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம் பேசாமல் அஜ்மலிடமே பேசியது. அஜ்மல் கெட்டவன் இல்லை. அம்மா எது சொன்னாலும் தலையை ஆட்டுவான். அவனுக்கு இருவரும் வைத்த பெயர் பூம்பூம் மாடு.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மெஹ்விஷ் நீளமாக எழுதினாள். 'ஒன்று சொல்வேன். சிரிக்காதே. ராத்திரி அவர் லைட் அணைத்துவிடுவார். இருட்டில் அவர் வாய் எனக்குத் தெரியாது. என் கை அவருக்குத் தெரியாது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வலி என்று எப்படிச் சொல்வது? லைட் போடுங்கள் என்று கேட்டேன். பக்கத்து ரூமில் அம்மா, வெளிச்சம் தெரியும் என்றார். இருட்டில் நான் ஆளே இல்லை, தென்றல்.'

தென்றல் அதை இரண்டாம் முறை படித்தாள். இதை இன்னொரு செவிட்டுப் பெண்ணிடம் அல்லாமல் உலகத்தில் வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. தலைக்கு மேல் ட்யூப்லைட் இரண்டு முறை அணைந்து எரிந்தது. நேரம் முடிந்துவிட்டது.

தீபாவளிக்கு முந்தைய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டாள். கேபின்களில் இரண்டு மூன்று பேர்தான். கவுண்டரில் வேணுவும் சடையனும் உட்கார்ந்திருந்தார்கள். சடையன் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன், வேணுவின் கூட்டாளி. கடையின் எட்டு மிஷினுக்கும் வயர் இழுத்ததே அவன்தான். தென்றலைப் பார்த்ததும் வேணு வழக்கம்போலச் சிரித்து, நான்கைக் காட்டினான். அவள் போய் உட்கார்ந்தாள். கேபினுக்குக் கதவு இல்லை. இடுப்புயரத் தட்டி மட்டும்தான், அதனால் இருவர் முகமும் அங்கிருந்தே தெரிந்தது.

வேணுவின் உதடு இரண்டு தரம் குவிந்து இரண்டு தரம் ஒட்டியது. பூம். பூம்.

அதைவிடச் சுலபமாகப் படிக்கக்கூடிய வாயசைவு தமிழில் இல்லை. சடையன் தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினான். ஏதாவது சினிமா பேசுகிறார்கள் என்று அவள் மெசஞ்சரைத் திறக்கப் போனாள். கை நின்றது. வேணு பேசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துக்கொண்டே பேசினான், பூனை முன்னால் பேசுகிற மாதிரி.

"இன்னிக்கி இன்னா சொல்லப் போவுதோ ஆம்பூரு. போன வாரம் ஒண்ணுமே இல்ல, சப்புனு இருந்துச்சு."

சடையன் பாதி முதுகு காட்டி இருந்தான். அவன் சொன்னது தெரியவில்லை. வேணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு இரண்டு கையையும் இருட்டில் துழாவுகிற மாதிரி முன்னால் நீட்டி, கண்ணை இறுக்கி மூடி, வாயைக் கோணி, "லைட்டு போடுங்க... லைட்டு போடுங்க..." என்றான். சடையன் எட்டி, சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்துப் போட்டான். அணைத்துப் போட்டான்.

நான்காம் கேபினில் அவள் தலைக்கு மேல் வெளிச்சம் போய்ப் போய் வந்தது.

தென்றலுக்கு முதலில் வந்தது கோபமில்லை, ஓங்கரிப்பு. தொண்டை வரைக்கும் புளிப்பாக ஏறியது. அவள் அதை முழுங்கினாள். சிரித்த முகமாகவே மெசஞ்சரைத் திறந்து, ஸ்கிரீனைப் பார்த்தபடி, எதையோ அடிக்கிற மாதிரி விரலை அசைத்துக்கொண்டிருந்தாள். மெஹ்விஷ் வந்து 'இருக்கிறாயா?' என்று கேட்டாள். அவள் பதில் போடவில்லை. பத்து நிமிஷத்தில் இருவரும் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். ஊமைப் பெண்ணும் ஆசிரமத்துக்கு வந்த இரண்டு வெள்ளைக்காரர்களும் மட்டும் இருக்கிற கடையை யார் தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறார்கள்?

அவள் எழுந்து போய்க் கவுண்டர் கம்ப்யூட்டர் முன்னால் நின்றாள். மூடவே இல்லை. ஸ்கிரீனில் மெஹ்விஷின் வரிகள் இருந்தன, அவள் அடித்த அதே எழுத்தில், இரட்டைத் தட்டோடு. எந்த வரியில் சிரிப்பு வந்ததோ அதுவரைக்கும் மௌஸால் இழுத்து நீலம் பூசி வைத்திருந்தார்கள்.

அதை மூடினாள். பின்னால் எட்டு போல்டர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, எட்டு வரைக்கும். கேபின் நம்பர்கள். சடையன் ஏதோ புரோகிராம் போட்டிருந்தான். எந்தக் கேபினில் யார் எதை அடித்தாலும் ஒரு நகல் இங்கே வந்து விழும். ஒவ்வொரு பைலுக்கும் பேசிக்கொண்ட இரண்டு பேரின் ஐடியும் தேதியும்தான் பெயர். நான்கைத் திறந்தாள். பாதிக்கு மேல் அவளும் மெஹ்விஷும். இனியனும் இருந்தான். மற்ற நேரங்களில் அதே நாற்காலியில் உட்கார்ந்த வேறு ஆட்களும் இருந்தார்கள்.

அதில் ஒன்றை அவள் திறந்தாள். ஏன் திறந்தாள் என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. ஜாஹிரா என்கிற நர்ஸ் ஒருத்தி துபாயில் இருக்கும் தம்பிக்கு எழுதியது. 'அத்தாவுக்கு கேன்சர்னு டாக்டர் சொல்லிட்டார். அம்மாவுக்குத் தெரியாது. நான் ஒருத்தியே வெச்சிக்கிட்டு இருக்கேன்.' மூன்று வரி. முதல் வரியிலேயே அது தனக்கானதில்லை என்று அவளுக்குத் தெரியும். மூன்றாவது வரியும் படித்தாள். கண் நான்காவதுக்கு இறங்கியபோது மூடினாள். தன் கையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

பையில் கோர்ட் வேலைக்கான பிளாப்பி ஒன்று இருந்தது. செப்டம்பர் வெள்ளிக்கிழமை பைலை மட்டும், சாட்சிக்காக, அதில் ஏற்றினாள். எட்டு போல்டரிலும் இருந்த ஆட்களின் ஐடிகளை, பையில் இருந்த ஒரு மனு நகலின் பின்பக்கத்தில் கடகடவென்று எழுதினாள். இருபத்தாறு. பிறகு எட்டையும் அழித்தாள். குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். படியிறங்கும்போது டீக்கடையிலிருந்து வேணு கையசைத்தான்.

மறுநாள் காலையில் வக்கீலிடம் எழுதிக் காட்டினாள். அர்ஜுனனுக்கு ஐம்பத்தைந்து வயது. மூன்று வருஷமாக அவளைக் கண்ணியமாக நடத்தியவர். படித்துவிட்டு முகம் சுளித்தார். "சீ, இன்னா பசங்கம்மா இவனுங்க" என்றார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சாட்சி எதனா இருக்கா?" என்று கேட்டார். பிளாப்பியைக் கொடுத்தாள்.

அவர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தார். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். சாட்சிக்கு முதல் பத்து வரி போதும். தேதி இருக்கிறது, பெயர் இருக்கிறது. அர்ஜுனன் கீழே இறக்கினார். இன்னும் இறக்கினார். ஒரு இடத்தில் நின்றார். மேலே ஏற்றினார், மறுபடி படித்தார். அவருடைய பின்கழுத்தில் சட்டைக் காலருக்கு மேலே இருந்த மடிப்பு அசையாமல் இருந்தது. அவள் அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசி வரி வரைக்கும் அவர் போனார்.

பிறகு நாற்காலியைத் திருப்பி, அவளுக்குத் தெரிகிற மாதிரி நிதானமாகப் பேசினார். "இத பாரும்மா. கேஸுன்னு போனா இத படிப்பாங்க. ஸ்டேஷன்ல படிப்பாங்க, குமாஸ்தா படிப்பான், ஜட்ஜு படிப்பாரு. அந்தப் பொண்ணு ஆம்பூருல குடும்பம் நடத்த வாணாமா? விட்டுடு. வேற கடைக்குப் போ."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது. ஒருவன் படித்தான் என்று சொல்ல, இன்னும் பத்துப் பேருக்குப் படிக்கக் கொடுக்க வேண்டும். அவள் தலையாட்டினாள். பிளாப்பிக்காகக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும், எதுக்கும் எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் சிரித்து, "ஆமா, யாரு அந்தப் பூம்பூம் மாடு?"

தென்றல் மிஷினிலிருந்து பிளாப்பியை வெளியே எடுத்தாள். அவர் மேஜை மேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்து, தகட்டை நெம்பி, உள்ளே இருந்த கறுப்புத் தட்டை நான்காக வெட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போய், அன்றைய ஜாமீன் மனுவை அடிக்கத் தொடங்கினாள். வேலையை விட முடியாது. அம்மாவுக்கும் அவளுக்கும் அந்தச் சம்பளம்தான்.

வெள்ளிக்கிழமை போளூர் ரோட்டில் வேறொரு கடைக்குப் போனாள். உட்காருவதற்கு முன்னால் கவுண்டர் எங்கே, அங்கிருந்து என்ன தெரியும் என்று பார்த்தாள். பிறகு மெஹ்விஷிடம் நடந்ததைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

மெஹ்விஷ் முதலில் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினாள். பிறகு, 'லைட் பற்றியுமா?'

'ஆம்.'

'சிரித்தார்களா?'

பொய் சொல்லியிருக்கலாம். 'ஆம்' என்று அடித்தாள்.

'நான் உனக்கு மட்டும் சொன்னேன். நீ ஊருக்கெல்லாம் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.'

'மெஹ்விஷ், நான் இல்லை.'

'தெரியும். ஆனால் அப்படித்தான் இருக்கிறது.'

அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. மறு செவ்வாயும் எரியவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை.

தென்றல் அந்த இருபத்தாறு பெயரையும் எடுத்தாள். ஒரே செய்தியை இருபத்தாறு பேருக்கும் அனுப்பினாள். 'பே கோபுரத் தெருவில் பாத்திரக் கடை மாடியில் உள்ள சென்டரில் நீங்கள் எழுதியதை எல்லாம் சேமித்து வைத்துப் படிக்கிறார்கள். கண்ணால் பார்த்தேன். அங்கே போகாதீர்கள்.' அவளால் தெருவில் நின்று கத்த முடியாது. வீடு வீடாகப் போனாலும் யாருக்கும் அவள் பேச்சுப் புரியாது. இதில் அரை மணியில் இருபத்தாறு பேர் வாசலில் போய் நிற்க முடிந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு தெம்பு வந்தது உண்மைதான்.

பதில்கள் வந்தபோது அந்தத் தெம்பு போய்விட்டது. 'நீ யார்? என் ஐடி எப்படிக் கிடைத்தது?' என்று ஒருவன். 'எவ்வளவு வேண்டும் உனக்கு?' என்று இன்னொருவன். வேங்கிக்காலில் ஏதோ ஆபீஸில் இருக்கிற ஆள் ஒருவர், பயந்துபோய், தான் அந்தக் கடைக்கு வந்ததே இல்லை என்று மூன்று தடவை எழுதினார். ஒருவன் எழுதியது இது: 'மூணாம் கேபின்ல ஒரு காலேஜ் பொண்ணு உக்காரும். அதோட பைல் இருக்கா? அனுப்பேன்.' தென்றல் அதைப் படித்ததும் கையை மௌஸிலிருந்து எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். தான் எச்சரிக்கப் போன ஆட்களில் பாதிப்பேர் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார இடம் கிடைத்தால் போதும் என்று நிற்கிறவர்கள்.

நர்ஸ் ஜாஹிரா ஒரே கேள்வி கேட்டாள். 'நீங்க படிச்சீங்களா?'

தென்றல் வேணுவை நினைத்தாள், அர்ஜுனனின் பின்கழுத்தை நினைத்தாள். 'மூன்று வரி' என்று அடித்தாள்.

'எந்த மூணு?'

'உங்கள் அத்தா பற்றி.'



நான்கு நாள் கழித்து வேணு வக்கீல் ஆபீஸ் படியேறி வந்தான். அர்ஜுனன் இருந்தார், இரண்டு கட்சிக்காரர்கள் பெஞ்சில் இருந்தார்கள். வேணு அவள் மேஜை முன்னால் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. இப்போதும் அவளுக்குப் புரியாது என்று நினைத்தோ என்னவோ, அவளைக் காட்டி மற்றவர்களிடம்தான் பேசினான்.

"ஊமைன்னு பாவம் பாத்தேன், சார். தனியா கேபினு குடுத்தேன். டைம் ஆனா லைட்டு போட்டு காமிச்சேன். எவன் செய்வான்? கடையையே கெடுத்துட்டா. ஒருத்தன் வரமாட்டேங்கறான். நான் இன்னா கொலையா பண்ணிட்டேன்? ஜாலிக்கி ரெண்டு வரி படிச்சோம். அவ்ளோதான்." பிறகு அவள் பக்கம் குனிந்து, உதட்டைப் பெரிதாக அசைத்து, "அழிச்சிட்டா போயிடுமா? சடையன்கிட்ட சிடி இருக்குது" என்றான்.

அர்ஜுனன், "வேணு, ஆபீஸ்ல சத்தம் போடாத" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தென்றல் ஒரு தாளை எடுத்தாள். ஒரு வருஷமாக அவனுக்கு எழுதிக் காட்டிய எல்லாத் துண்டுச் சீட்டிலும் 'அண்ணா' என்றும் 'நீங்கள்' என்றும் எழுதியிருக்கிறாள். இப்போது பெரிய எழுத்தில் எழுதித் திருப்பிப் பிடித்தாள். 'நீ பேசியதை எல்லாம் நான் படித்தேன். ஒரு வருஷமாகப் படிக்கிறேன். உன் அண்ணியைப் பற்றி நீ சடையனிடம் சொன்னதும் தெரியும்.'

வேணு தாளைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். தன் வாயைக் கையால் மூடினான். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போயிற்று. அப்படியே திரும்பிப் படியிறங்கினான். பெஞ்சில் இருந்த கட்சிக்காரர்களில் ஒருவர் எழுந்து வந்து தாளை எட்டிப் பார்த்து, "இன்னா சொன்னானாம் அண்ணியப் பத்தி?" என்று ஆவலாகக் கேட்டார். அவள் தாளைக் கிழித்துப் போட்டாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் வாய் வழியாக ஊரில் பரவிய சிடி விஷயத்தை முடித்தது நசீருதீன். ஜாஹிராவின் பெரியப்பா மகன், தேரடித் தெருவில் கடிகாரக் கடை வைத்திருந்தவர். அவரும் இன்னும் மூன்று பேரும் ஒரு காலை வேளையில் வேணுவின் கடைக்குப் போய், சடையனை வரவழைத்து, அவன் பையில் இருந்த இரண்டு சிடியை வாங்கி, மாடிப்படியிலேயே மிதித்து உடைத்தார்கள். வேறு நகல் இல்லை என்று சடையன் சாமி மேல் சத்தியம் செய்தான். நம்பினால் நம்பலாம். தென்றல் அப்போது கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே நின்றிருந்தாள். நசீருதீன் கூட ஜாஹிராவும் வந்திருந்தாள். யாரோ காட்டியிருக்க வேண்டும், அவள் தென்றலை நேராகப் பார்த்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று தென்றல் ஒரு அடி முன்னால் வைத்தாள். ஜாஹிரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அவளுக்குப் புரிந்தது. அந்த மூன்று வரியைத் தன் தலையிலிருந்து எடுத்து அவளிடம் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

கூட்டம் கலையும்போது பக்கத்தில் நின்ற இரண்டு பேரின் வாய் அசைவது தெரிந்தது. "சிடியில இன்னாதான் இருந்துச்சாம்?" "படம் எதனா இருக்கும்." அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். அந்த நாட்களில் யார் வாயையும் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை. வீட்டில் உண்ணாமலை பேசும்போதுகூடத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். அம்மா அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "எம்மூஞ்சப் பாரு" என்று சொல்ல வேண்டியிருந்தது.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பச்சைப் புள்ளி எரிந்தது.

'நலமா?' என்று மெஹ்விஷ் கேட்டாள்.

'நலம். நீ?'

'நலம். வீட்டில் எல்லாரும் நலம். இங்கே பனி ஜாஸ்தி.'

பனியைப் பற்றி மெஹ்விஷ் ஒரு நாளும் எழுதியதில்லை. அரை மணி நேரமும் அப்படியே போயிற்று. யார் படித்தாலும் பரவாயில்லை என்கிற வரிகளாக வந்துகொண்டிருந்தன. மாமியார் பெயர் வரவில்லை. அஜ்மல் 'அவர்' என்று மரியாதையோடு ஒரு தடவை வந்தார். தென்றலும் அதே மாதிரிதான் அடித்தாள். ஒவ்வொரு வரியையும் அனுப்புவதற்கு முன்னால் வேணுவின் கண்ணால் ஒரு முறை படித்தாள். பாதியை அழித்தாள். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவன் உட்கார்ந்துவிட்டான். இனி அவனை எழுப்பி வேறு கேபினுக்கு மாற்ற முடியாது.

கடைசியில் தென்றல் அடித்தாள். 'வேலூர் வருவாயா? பஸ் ஸ்டாண்ட். நேரில்.'

'எதற்கு?'

'கையால் பேச.'

இரண்டு வாரம் கழித்து மெஹ்விஷ் வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆரணி பஸ்கள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். மெஹ்விஷ் இளைத்திருந்தாள். கொஞ்ச நேரம் இருவர் கையும் மடியிலேயே கிடந்தன. பிறகு மெஹ்விஷின் கை எழுந்தது. எழுந்த பிறகு நிற்கவில்லை. நூறு பேர் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள், கண்டக்டர்கள் ஊர் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள், எல்லாரும் இந்த இரண்டு பெண்களின் கையையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. வேர்க்கடலை விற்கிறவன் ஒருவன் எதிரிலேயே நின்று வாயைப் பிளந்து பார்த்தான். மெஹ்விஷ் அவனைப் பற்றிக் கையாலேயே ஒரு மோசமான வார்த்தை சொன்னாள். விடுதியில் கற்றுக்கொண்டது. தென்றலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

சிரித்துவிட்டு அவள் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. மெஹ்விஷ் அதைக் கவனித்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அப்படிச் சந்தித்தார்கள். மெசஞ்சரில் தேதியும் நேரமும் மட்டும்தான். 'செவ்வாய். பத்தரை. அதே பெஞ்ச்.' அவ்வளவு.

வேணு அடுத்த வருஷமே பிரவுசிங் சென்டரை மூடிவிட்டு, அதே மாடியில் செல்போன் கடை போட்டான். நன்றாகப் போயிற்று. மெசேஜ் அழிந்துவிட்டது, போன் நின்றுவிட்டது என்று பெண்கள் அவனிடம்தான் போனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். தென்றல் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேருக்கு எழுதிக் காட்டினாள். "அதெல்லாம் பழைய கத, இப்ப திருந்திட்டாம்மா" என்றார்கள்.

ஒரு நாள் ஆபீஸுக்குப் போகும்போது பாத்திரக் கடை வாசலில் அவன் எதிரே வந்துவிட்டான். கையில் குழந்தை இருந்தது, கல்யாணம் ஆகியிருந்தது. ஒதுங்க இடமில்லை. அவன் அவளைப் பார்த்து, பழைய மாதிரியே, வெள்ளையாகச் சிரித்தான். உதடு நிதானமாக, அவளுக்காகவே பெரிதாக அசைந்தது. "நல்லா இருக்கியாம்மா?"

அவன் கேட்டது அவ்வளவுதான். தெருமுனை வரைக்கும் நடந்து போய், சாக்கடை ஓரம் குனிந்து நின்று, காலையில் சாப்பிட்டதை எல்லாம் தென்றல் வாந்தி எடுத்தாள்.